ஸ்கிரிப்டுக்குள் கிடந்த கடவுச்சொல்

பெங்களூரு டொம்லூரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், தர்மபுரியிலிருந்து வந்து வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமே ஆகியிருந்த ஒரு தம்பி, பேக்கப் சர்வர் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று பார்ப்பதற்காக அதனுள் நுழைந்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் ‘பிஎஸ்’ கட்டளையைக் கொடுத்தார். திரையில் இறங்கிய நீண்ட பட்டியலில் ஒரு வரியின் மேல் விரலை வைத்து, “அண்ணா, பதினாலு சர்வருக்கும் இதே பாஸ்வேர்டுதானா?” என்று கேட்டார். அது கடவுச்சொல்லா என்று அவர் கேட்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் அது அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தச் சர்வரில் அவருக்கு எந்தத் தனி அதிகாரமும் கிடையாது, சாதாரணப் பயனராகத்தான் நுழைந்திருந்தார். அந்த வரியை ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதியவன் நான்.

எங்களுக்குக் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பதினான்கு கிளைகள் இருக்கின்றன; கிளைக்கு ஒரு சர்வர். குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கிவைக்கும் ‘கிரான்’ இரவு இரண்டு மணிக்கு எழுப்பிவிடும் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளை எழுதிய கோப்பு, ஒவ்வொரு கிளைக்கும் ஒரு துணை ஸ்கிரிப்டை அழைத்து, சர்வரின் பெயரையும் அடைவின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதற்குக் கொடுக்கும். தொலைவிலுள்ள சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சுக்கு மனிதருக்குப் பதிலாகக் கடவுச்சொல்லைக் கொடுக்கும் ‘எஸ்எஸ்எச்பாஸ்’ என்ற கருவியின் உதவியால் துணை ஸ்கிரிப்ட் உள்ளே நுழைந்து, நகலெடுக்கும் கருவியான ஆர்சிங்க் மூலம் கோப்புகளை இழுத்துவரும். எஸ்எஸ்எச்பாஸ், கட்டளை வரியில் தனக்குத் தரப்படும் கடவுச்சொல்லைத் தொடங்கிய உடனேயே பட்டியலில் தெரியாதபடி வேறு எழுத்தால் மேலெழுதிவிடுகிறது. அதற்கு முன்னுள்ள நொடிப்பொழுதில் யாரேனும் பார்த்துவிடலாம் என்பதால், அதன் கையேடே இந்த வழியைத் தன் வழிகளில் பாதுகாப்புக் குறைந்ததாகக் கருதச் சொல்கிறது. நான் செய்திருந்தது அதைவிட மோசம். துணை ஸ்கிரிப்டை ஓட்டும் ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் நிரல், தனக்குத் தரப்பட்ட எதையும் மறைப்பதில்லை. எங்கள் சர்வர்களின் இயங்குதளமான லினக்ஸில் ஒவ்வொரு நிரலின் கட்டளை வரியும் ‘ப்ராக்’ அடைவின் கீழ் எல்லோரும் படிக்கும்படி வைக்கப்படுகிறது. நிர்வாகி அந்த அடைவைத் தனி விருப்பத்தோடு இணைத்திருந்தால் ஒழிய அதற்குத் திரை கிடையாது. ஆகவே ஒரு கிளையின் பேக்கப் முடிய நாற்பது நிமிடம் ஆகிறது என்றால், அந்த நாற்பது நிமிடமும் கடவுச்சொல் வெளிச்சத்தில் நின்றது. எங்கள் அலுவலகத்திலிருந்து நடக்கும் தொலைவில் சொக்கநாதர் கோயில் இருக்கிறது. அதன் சுவரில் சோழர் காலந்தொட்டுத் தமிழில் கல்வெட்டுகள் உண்டு. கல்வெட்டை எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் வெட்டினார்கள். நானும் ஏறக்குறைய அப்படித்தான் வெட்டி வைத்திருந்தேன்.

இந்த இடத்துக்கு ஒருவர் எப்படி வந்து சேர்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் முதல் நாளே எஸ்எஸ்எச்பாஸில் தொடங்குவதில்லை. ‘எக்கோ’ கட்டளையால் கடவுச்சொல்லை எழுதி, அதைக் குழாய்க்குறி வழியே எஸ்எஸ்எச்சுக்குள் ஊற்றிப் பார்ப்பதுதான் எல்லோருடைய முதல் முயற்சியாகவும் இருக்கும். அது பலிப்பதில்லை. எஸ்எஸ்எச் கடவுச்சொல்லைத் தன் வழக்கமான உள்ளீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளாமல், முனையத்தை நேராகத் திறந்து, விசைப்பலகையின் முன்னால் உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் கேட்கிறது. இது தற்செயலாக அமைந்ததில்லை. 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதைத் தொடர்ந்து, அங்கே பணியாற்றிய டாட்டு யூலோனன் எழுதிய கருவிதான் எஸ்எஸ்எச். அதற்கு முன் இதே வேலைக்குப் பயன்பட்ட டெல்நெட்டும் ஆர்லாகினும் கடவுச்சொல்லைத் திறந்த அஞ்சலட்டை போல அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மனிதர் இருக்கிறாரா என்று பார்க்கும் அந்தத் தடையை ஏமாற்றத்தான் எஸ்எஸ்எச்பாஸ் ஒரு போலி முனையத்தை உருவாக்கி, அதற்குப் பின்னால் மனிதரைப் போல உட்கார்ந்து தட்டச்சு செய்கிறது. அதற்கும் முன்னால், 1990-இலேயே வந்துவிட்ட எக்ஸ்பெக்ட் என்ற கருவியைக் கொண்டு இதே வேலையைச் செய்தவர்களும் உண்டு. தடையைத் தாண்ட வழி கிடைத்ததும் நான் அடைந்த மகிழ்ச்சியில், அது ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று யோசிக்கவில்லை.

தம்பி கண்டுபிடித்த அன்று மாலையே, அந்தக் கடவுச்சொல் இன்னும் எங்கெங்கே கிடக்கிறது என்று இருவரும் தேடத் தொடங்கினோம். ஸ்கிரிப்டைச் சோதிப்பதற்காக நான் எப்போதோ ஷெல்லின் தடங்காட்டும் விருப்பத்தைப் போட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தேன். அது ஓடும் ஒவ்வொரு வரியையும் மாறிகளின் மதிப்போடு சேர்த்து எழுதும் என்பதால், நடந்தவற்றைக் குறித்துவைக்கும் லாக் கோப்பு முழுவதும் இரவுக்குப் பதினான்கு முறை கடவுச்சொல் பதிவாகியிருந்தது. பிழை நேர்ந்த இரவுகளில் கிரான் அந்த வெளியீட்டை மின்னஞ்சலாக அனுப்பியிருந்தது. அதைப் பெறும் குழு முகவரியில், எங்களோடு ஒப்பந்தம் முடிந்துபோன ஒரு பராமரிப்பு நிறுவனத்தின் ஆட்களும் இன்னும் இருந்தார்கள். ஸ்கிரிப்டுகளின் ஒவ்வொரு பதிப்பையும் சேமித்துவைக்கும் கிட் களஞ்சியத்தில், ‘கடவுச்சொல் நீக்கப்பட்டது’ என்ற குறிப்போடு நானே செய்த ஒரு மாற்றம் இருந்தது. அதற்கு ஒரு படி முந்திய பதிப்பைத் திறந்தால் நீக்கப்பட்டது அப்படியே நிற்கிறது. வரலாற்றை முழுவதுமாகத் திருத்தி எழுதினாலன்றி அது போகாது, எழுதினாலும் ஏற்கெனவே நகலெடுத்துக்கொண்டவர்களிடம் இருப்பது இருக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும்விட எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்த இடம் இன்னொன்று: பேக்கப் சர்வர் தன்னையும் பேக்கப் எடுத்துக்கொள்ளும், ஆகவே கடவுச்சொல்லைத் தாங்கிய அந்த ஸ்கிரிப்ட் ஆறு ஆண்டுகளாக வாராவாரம் டேப்பில் ஏறி, வேறோர் இடத்தில் இருக்கும் அலமாரிக்குப் போய்க்கொண்டிருந்தது.

இடையில் ஒரு காலத்தில் எனக்கே உறுத்தி, அந்தக் கடவுச்சொல்லை, சாவி ஏதுமின்றி யாரும் திருப்பக்கூடிய எழுத்து மாற்றமான பேஸ்64 ஆக மாற்றி வைத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கணினித் துறையில் இல்லை. அதைத் திருப்பும் கட்டளை எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. என் ஸ்கிரிப்டிலேயே அடுத்த வரியில் இருந்தது. கடவுச்சொல்லைக் குறியாக்கம் செய்து, குறியாக்கச் சாவியை அதே அடைவில் வைப்பவர்களும் உண்டு. இங்கே பிஜி விடுதிகளில் அறைச்சாவியைச் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவது வழக்கம். புதிதாக வருகிறவர்கூட முதலில் கை வைப்பது அங்கேதான்.

இருந்தாலும், திருட்டைப் பற்றிய பயத்தைவிட என்னை மாற்ற வைத்தது வேறோர் அனுபவம். அந்தப் பராமரிப்பு நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்தபோது, முறைப்படி எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும் என்று மேலிடத்தில் சொன்னார்கள். பொங்கல் விடுமுறைக்கு முந்தைய மாலையில் மாற்றினோம். எந்தெந்த ஸ்கிரிப்டுகளில் பழையது இருக்கிறது என்று தேடி, கிடைத்தவற்றையெல்லாம் திருத்திவிட்டு, நான் சேலம் பேருந்தில் ஏறினேன். பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பைத் தாண்டவே ஒன்றரை மணி நேரம் ஆன இரவு அது. கிருஷ்ணகிரி அருகே தூக்கத்திலிருந்து எழுப்பியது அலைபேசி. எங்கள் கண்ணில் படாத இரண்டு ஸ்கிரிப்டுகள் பழைய கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப மோதியிருக்கின்றன. கிளைச் சர்வர்களில் காவலுக்கு வைத்திருந்த பெயில்2பேன் என்ற நிரல், பத்து நிமிடத்துக்குள் ஐந்து முறை தவறினால் தடை என்ற தன் வழக்கமான கணக்கின்படி, எங்கள் பேக்கப் சர்வரையே திருடன் என்று முடிவுசெய்து கதவைச் சாத்திவிட்டது. தடை நீங்கும், ஸ்கிரிப்ட் மீண்டும் மோதும், மீண்டும் தடை விழும். புதிய கடவுச்சொல்லைச் சரியாக வைத்திருந்த ஸ்கிரிப்டுகளும் சேர்ந்து அடி வாங்கின. அதற்குப் பிறகு அந்தக் கடவுச்சொல்லை யாரும் மாற்றத் துணியவில்லை. ஸ்கிரிப்டில் எழுதப்பட்ட கடவுச்சொல்லின் பெரிய கேடு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்: அது கசிவதற்கு முன்பே, மாற்ற முடியாததாகிவிடுகிறது.

இதற்கு மாற்றான சாவி இணையைப் பற்றி இந்தத் துறையில் இருக்கும் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பதால் நீட்டவில்லை. ‘எஸ்எஸ்எச்-கீஜென்’ கட்டளை தனிச்சாவி, பொதுச்சாவி என இரண்டு கோப்புகளை உண்டாக்குகிறது. தனிச்சாவி நம்மிடமே இருக்கிறது, பொதுச்சாவியின் ஒற்றை வரி எதிர்ச் சர்வரின் ‘ஆதரைஸ்டு கீஸ்’ கோப்பில் போய்ச் சேருகிறது. எந்த வகைச் சாவி என்று கேட்டால் இடி25519 போதும். இன்று பெரும்பாலோர் பயன்படுத்தும் எஸ்எஸ்எச் நிரலான ஓப்பன்எஸ்எஸ்எச் 2014-இலேயே அதை ஏற்கத் தொடங்கிவிட்டது, 2023-இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து எதுவும் குறிப்பிடாவிட்டாலும் அதையே உருவாக்குகிறது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் ‘சாவி நீளமானது, ஊகிக்க முடியாது’ என்ற அளவிலேயே புரிந்துகொண்டிருக்கிறார்கள். கடவுச்சொல்லால் நுழையும்போது, வழியில் மறைக்கப்பட்டிருந்தாலும், அந்தச் சொல் முழுமையாக எதிர்ச் சர்வரின் கைக்குப் போகிறது. அந்தச் சர்வர் ஏற்கெனவே யாரிடமாவது சிக்கியிருந்தால், நாமே அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களாகிறோம்; எங்களைப் போல ஒரே சொல்லைப் பதினான்கு இடத்தில் வைத்திருந்தால், ஓசூர்க் கிளையில் விழுந்த ஓட்டை மைசூரு வரைக்கும் திறக்கும். சாவியால் நுழையும்போது அப்படி எதுவும் அனுப்பப்படுவதில்லை. அந்த ஓர் இணைப்புக்கே உரிய அடையாள எண்ணின் மீது தனிச்சாவியால் ஒரு கையொப்பம் இடப்படுகிறது. எதிர்ச் சர்வர் அதைப் பொதுச்சாவியால் சரிபார்க்கிறது. அந்தக் கையொப்பத்தைத் திருடி வைத்துக்கொண்டாலும் வேறோர் இணைப்பில் அது செல்லாது.

இங்கேதான் எல்லோரும் கேட்கும் கேள்வி வருகிறது: தனிச்சாவிக் கோப்பையும் பூட்டிவைக்க ஒரு கடவுத்தொடர் போட வேண்டுமே, அதை இரவு இரண்டு மணிக்கு யார் தட்டச்சு செய்வது? மனிதர்கள் பயன்படுத்தும் சாவி என்றால் விடை எளிது. காலையில் வந்ததும் ஒரு முறை கடவுத்தொடரைக் கொடுத்து சாவியை நினைவில் வைத்துக்கொள்ளும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் என்ற நிரலிடம் அதை ஒப்படைக்கலாம், எட்டு மணி நேரத்தில் மறந்துவிடு என்று கெடுவும் வைக்கலாம். அந்த நாளில் நாம் கையால் ஓட்டும் ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஏஜென்ட்டிடம் கேட்டுக்கொள்ளும். இடையில் ஒரு சர்வரைத் தாண்டிப் போக வேண்டியிருந்தால் ஏஜென்ட்டை அங்கே முன்னனுப்ப வேண்டாம், ஏனென்றால் அந்த இடைச் சர்வரில் முழு அதிகாரமுள்ள ‘ரூட்’ பயனர் நம் ஏஜென்ட்டை நம்மைப் போலவே பயன்படுத்திக்கொள்ள முடியும். 2016-இல் வந்த ‘ப்ராக்சிஜம்ப்’ அந்த இடரில்லாமல் அதே வேலையைச் செய்கிறது. ஆனால் கிரானில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு மனிதர் கிடையாது. சிலர் சாவிக்குக் கடவுத்தொடர் போட்டுவிட்டு, அந்தத் தொடரை எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்டில் எழுதி வைக்கிறார்கள். தொடங்கிய இடத்துக்கே சுற்றுவழியில் வந்து சேருவது அது. தானாக ஓடும் வேலைக்குக் கடவுத்தொடர் இல்லாத சாவிதான் நேர்மையான விடை என்பது என் கருத்து. அப்படியானால் கோப்பை எடுத்தவன் உள்ளே வந்துவிடுவானே என்று நீங்கள் கேட்பது சரிதான். வருவான். ஆகவே, வந்தவன் என்ன செய்ய முடியும் என்பதை எதிர்ச் சர்வரில் சுருக்க வேண்டும், கடவுச்சொல்லை நீக்கிய மகிழ்ச்சியில் பெரும்பாலானோர் விட்டுவிடும் பாதி வேலை அது.

பொதுச்சாவி இருக்கும் அந்த ஒற்றை வரியின் தொடக்கத்தில் சில விதிகளை எழுத எஸ்எஸ்எச் இடம் தருகிறது. முதலில் ‘ரிஸ்ட்ரிக்ட்’ என்ற ஒரு சொல். 2016 முதல் இருக்கும் இதை எழுதினால், முனையம் கொடுப்பது, போர்ட்களைத் திருப்பிவிடுவது, ஏஜென்ட்டை முன்னனுப்புவது எல்லாம் ஒரேயடியாக மூடப்படும், நாளை புதிதாக ஒரு வசதி வந்தாலும் அதற்கும் அது பொருந்தும். அடுத்து ‘ஃப்ரம்’ என்ற விதி. இந்தச் சாவி இந்த ஐபி முகவரியிலிருந்து வந்தால் மட்டுமே செல்லும் என்று கட்டுகிறது. மூன்றாவதாக, எல்லாவற்றிலும் முக்கியமான ‘கமாண்ட்’. சாவியோடு வருகிறவர் எந்தக் கட்டளையைக் கேட்டாலும் அதைப் புறந்தள்ளிவிட்டு, நாம் எழுதிய கட்டளை ஒன்றே ஓடும். அவர் கேட்டது என்ன என்பது ஒரு சூழல் மாறியில் மட்டும் வைக்கப்படும், வேண்டுமானால் நம் கட்டளை அதைப் பார்த்து முடிவெடுத்துக்கொள்ளலாம். ஆர்சிங்க் மூலம் கோப்புகளை இழுப்பவர்களுக்கு, அந்த மாறியைப் பார்த்துச் சரியான ஆர்சிங்க் அழைப்பை மட்டும் அனுமதிக்கும் ‘ஆர்ஆர்சிங்க்’ என்ற சிறு நிரல் ஆர்சிங்க்கோடேயே வருகிறது. அதற்கு ஓர் அடைவின் பெயரையும், படிக்க மட்டும் என்ற விருப்பத்தையும் கொடுத்தால் போதும். பாதைகளை அந்த அடைவிலிருந்து தொடங்கி எழுத வேண்டும் என்பதை உணர எனக்கு ஒரு பிற்பகல் ஆனது.

இப்போது எங்கள் பேக்கப் சர்வரிலிருந்து அந்தச் சாவிக் கோப்பை யாராவது எடுத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து அது செல்லாது. பேக்கப் சர்வருக்குள்ளிருந்தே பயன்படுத்தினாலும், கிளைச் சர்வரில் ஷெல் கிடைக்காது, ஒரு பைட்டைக்கூட எழுத முடியாது. ஓர் அடைவைப் படிக்க மட்டும் முடியும். அந்த அடைவின் நகலோ, அவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் பேக்கப் சர்வரிலேயே இருக்கிறது. அவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றுமில்லை. பழைய முறையில் அதே இடத்தில் நின்றவனுக்குப் பதினான்கு சர்வர்களின் முழு ஆட்சியும் கிடைத்திருக்கும், ஏனென்றால் எல்லாக் கோப்பையும் படிக்க வேண்டுமே என்று நான் ரூட்டாகவே நுழைந்துகொண்டிருந்தேன். அதையும் மாற்றினோம். ஒவ்வொரு கிளையிலும் பேக்கப்புக்கென்று ஒரு தனிப் பயனர். தரவுத்தளத்தை அந்தந்தச் சர்வரே தன் கிரானில் ஒரு கோப்பாக இறக்கி, அந்த அடைவில் வைத்துவிடுகிறது. அந்த உள்ளூர் வேலைக்கும் கடவுச்சொல் தேவைப்படவில்லை: எங்கள் தரவுத்தள நிரலான போஸ்ட்கிரஸில் ‘பியர்’ என்ற முறை, இயங்குதளத்தில் நீ யார் என்பதைப் பார்த்தே உள்ளே விடுகிறது.

பழைய ஸ்கிரிப்டில் இன்னொரு பாவமும் இருந்தது, அதையும் சொல்லியாக வேண்டும். எதிர்ச் சர்வரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டாம் என்று எஸ்எஸ்எச்சுக்குக் கட்டளையிட்டிருந்தேன். புதிய சர்வர் வரும்போதெல்லாம் ‘ஆம் என்று எழுது’ என ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறதே என்ற எரிச்சலில் செய்தது. அப்படிச் சொன்னாலும்கூட, முன்பு பார்த்த ஒரு சர்வரின் அடையாளம் மாறியிருப்பதைக் கண்டால் ஓப்பன்எஸ்எஸ்எச் கடவுச்சொல்லை அனுப்ப மறுத்துவிடும், நடுவில் ஒருவன் சர்வர் வேடத்தில் நின்று அதை வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. அந்த மறுப்பையும் தாண்டுவதற்கு, அடையாளங்களைப் பதியும் கோப்பாக எதை எழுதினாலும் விழுங்கிவிடும் ‘டெவ் நல்’லைக் காட்டியிருந்தேன். அதாவது ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு சர்வரும் எனக்குப் புதிய சர்வர். யார் எதிரே வந்து நின்றாலும் கடவுச்சொல்லை நீட்டுவேன். இந்த இரண்டு விருப்பங்களும் சேர்ந்து வரும் வரிகள் இணையத்தில் எளிதில் கிடைக்கின்றன, நகலெடுத்து ஒட்டும்போது அவை ஏதோ மந்திரம் போலத் தோன்றுகின்றன.

இந்த முறை சரியாகச் செய்வது என்று முடிவெடுத்து, ஒவ்வொரு கிளைக்கும் தொலைபேசியில் அழைத்தோம். அங்கே சர்வருக்குப் பக்கத்தில் இருந்தவர் பெரும்பாலும் கணக்காளர். திரையில் தெரியும், சர்வரின் அடையாளச் சாவியின் கைரேகையை, அதாவது எஸ்எச்ஏ256 என்று தொடங்கி அதன் பின் வரும் 43 எழுத்துகளை, அவர் படிக்க, தம்பி இங்கே ஒப்பிட்டார். “பெரிய கே, சின்ன எல், அடுத்தது ஒன்றா, ‘ஐ’யா, ஐயா?” என்று ஒரு நாள் முழுவதும் போனது. சேலத்தில் இருப்பவர் முடிவில், இதையும் கணக்குப் புத்தகத்தில் ஏற்ற வேண்டுமா என்று கேட்டார். இவ்வளவு முடியாது என்பவர்களுக்கு, 2017-இல் வந்த ‘அக்செப்ட்-நியூ’ என்ற நடுவழி இருக்கிறது: முதல் சந்திப்பில் அடையாளத்தை ஏற்றுப் பதிந்துகொள்ளும், பின்னர் மாறினால் நின்றுவிடும். அடையாளம் மாறுவது என்பது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2023 மார்ச் 24 அன்று கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைத்திருக்கும் கிட்ஹப், தன் அடையாளங்களில் ஒன்றான ஆர்எஸ்ஏ வகைச் சர்வர் சாவி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டுவிட்டதால் அதை மாற்றியது. சரிபார்ப்பை வைத்திருந்தவர்களின் ஸ்கிரிப்டுகள் அன்று நின்று எச்சரித்தன, சரிபார்ப்பை அணைத்திருந்தவர்களுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரிந்திருக்காது.

ஸ்கிரிப்டுகளில் ‘பேட்ச்மோட்’ என்ற விருப்பத்தையும் போட்டுவிடுங்கள். சாவி ஏற்கப்படாவிட்டால் கடவுச்சொல் கேட்டுக்கொண்டு நிற்காமல் உடனே தோல்வி என்று சொல்லிவிடும். காலையில் வந்து பார்க்கும்போது, விடியவிடிய யாருடைய விடைக்கோ காத்திருக்கும் ஒரு நிரலைவிட, தோற்றுப்போன நிரல் எவ்வளவோ மேல்.

சாவிகள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதை இரண்டு வாரம் பார்த்த பிறகு, கிளைச் சர்வர்களில் கடவுச்சொல் நுழைவையே அணைத்தோம். இதில் ஒரு பொறி இருக்கிறது. உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் எஸ்எஸ்எச் சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பு, தன் தலைப்பகுதியிலேயே ஒரு துணை அடைவிலுள்ள கோப்புகளைச் சேர்த்துக்கொள்கிறது. எஸ்எஸ்எச் சர்வரோ, ஒரே விருப்பம் இரண்டு இடத்தில் வந்தால் முதலில் கண்டதையே எடுத்துக்கொள்ளும். கிளவுட் சர்வர்களில் அந்தத் துணை அடைவில் ‘50-கிளவுட்-இனிட்’ என்று ஒரு கோப்பு, கடவுச்சொல்லுக்கு அனுமதி உண்டு என்று எழுதியபடி படுத்திருக்கலாம். முதன்மைக் கோப்பில் ‘இல்லை’ என்று எழுதி மீள இயக்கிவிட்டு, கதவு மூடிவிட்டது என்று நாங்கள் ஒரு சர்வரில் நிம்மதியாக இருந்தோம், மூடவே இல்லை. எஸ்எஸ்எச் சர்வர் நிரலைப் பெரிய ‘டி’ விருப்பத்தோடு ஓட்டினால், இறுதியில் எந்த மதிப்பு நடைமுறையில் இருக்கிறது என்று அதுவே காட்டும். அதைப் பார்த்து நம்புங்கள். இந்த வேலை முடியும்வரை ஏற்கெனவே திறந்திருக்கும் ஓர் இணைப்பை மூடாதீர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இதனால் லாக்குகளுக்கும் ஒரு பொருள் கிடைத்தது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, பாதுகாப்புச் சம்பவங்களை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். நாங்கள் வைத்திருந்தோம்; ஆனால் எல்லோரும் ஒரே கடவுச்சொல்லோடு ரூட்டாக நுழைந்த அந்த லாக்கில் ‘ரூட் வந்தார்’ என்பதைத் தவிர ஒன்றுமில்லை. சாவியால் நுழையும்போது, எந்தச் சாவி என்பதன் கைரேகையும் அதே வரியில் பதிவாகிறது. இரண்டு மணிக்கு வந்தது பேக்கப் சாவியா, யாரோ ஒருவருடைய மடிக்கணினியில் இருக்கும் சாவியா என்பதை இப்போது சொல்ல முடியும்.

சாவிகளுக்கும் நோய் உண்டு, அவை பெருகும். யாருடையது என்று தெரியாத பொதுச்சாவி வரிகள் கோப்பில் சேர்ந்துகொண்டே போகும், நீக்கினால் எது நின்றுபோகுமோ என்ற பயத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள். கடவுச்சொல்லுக்கு நேர்ந்த கதியேதான். ஒவ்வொரு வரியின் முடிவிலும் யார், எதற்கு, எப்போது என்று குறிப்பெழுதுவதைக் கட்டாயமாக்கினோம். மனிதர்களுக்கு மட்டும், 2010-இல் ஓப்பன்எஸ்எஸ்எச் 5.4 கொண்டுவந்த சான்றிதழ் முறைக்கு மாறினோம்: சர்வர்கள் ஒரே ஒரு கையொப்பச் சாவியை நம்பும், ஊழியர்களின் சாவிகளுக்குக் காலையில் ஒரு நாள் செல்லுபடியாகும் சான்றிதழ் தரப்படும், ஒருவர் வேலையை விட்டுப் போனால் பதினான்கு இடத்தில் தேட வேண்டியதில்லை. ஸ்கிரிப்டுகளுக்கும் இதைச் செய்யலாம், கடவுச்சொற்களையும் சாவிகளையும் ஓரிடத்தில் காக்கும் வால்ட் போன்ற பெரிய ஏற்பாடுகளும் இருக்கின்றன. எங்கள் அளவுள்ள அலுவலகத்துக்கு அது சுண்டைக்காய்க் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

முழுவதும் ஒழித்துவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை. எங்கள் ரேக்கில், கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் ஒரு பழைய ஸ்விட்ச் இருக்கிறது. அதன் அமைப்பை வாரம் ஒரு முறை நகலெடுக்க வேண்டும், அதற்குச் சாவி என்றால் என்னவென்றே தெரியாது. அது பேசும் பழைய குறியாக்க முறைகளை இன்றைய ஓப்பன்எஸ்எஸ்எச் அணைத்து வைத்திருப்பதால், அந்த ஒன்றுக்கு மட்டும் தனி விலக்கு எழுத வேண்டியிருந்தது. அதற்கென்று வேறெங்கும் பயன்படாத ஒரு கடவுச்சொல், அமைப்பைப் பார்க்க மட்டும் உரிமையுள்ள ஒரு பயனர், அந்த ஸ்கிரிப்டை ஓட்டும் தனிப் பயனர் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு கோப்பு; எஸ்எஸ்எச்பாஸ் கட்டளை வரியிலிருந்து எடுக்காமல் அந்தக் கோப்பிலிருந்து படித்துக்கொள்கிறது. அந்தக் கோப்பு கிட்டிலும் ஏறாது, டேப்பிலும் ஏறாது. புதிய ஸ்விட்சுக்கான கோரிக்கை கொள்முதல் பிரிவில் இருக்கிறது. கோப்புக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று தம்பியிடம் கேட்டேன். ‘வெட்கம்’ என்று வைத்துவிட்டார். மாற்றச் சொல்லவில்லை.